களப்பில் ஊறிய கழுத்துப்பட்டிகள்

“…கட்டுறது லேசு, தங்கச்சி. கட்டினதை அவுக்கிறது ஆரு? அதைச் சொல்லிப்போட்டு லொறியில ஏத்துங்க.”

பக்கத்துக் கடை நானா இதைச் சொன்னபோது லொறியின் பின்பலகை திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வலை மூட்டைகளும் ஐஸ் பெட்டிகளும் ஒரு கோழிக்கூடும் அடைந்து கிடக்க, அவற்றின் மேல் பாய்ச் சுருளில் சாய்ந்தபடி கண்டக்குழி அக்கா உட்கார்ந்திருந்தார். கீழே, சக்கரத்தின் நிழலில், அவருடைய செவலை நாய். நடுவில் நான், கையில் ஒரு கழுத்துப்பட்டியோடு. அந்தப் பட்டி நாயின் கழுத்தில் ஏறினால் நாய் அக்காவோடு முல்லைத்தீவுக் கரைக்குப் போகும். ஏறாவிட்டால் போன வருடம் கிடந்ததுபோல ஆளில்லாத மணலில் கிடக்கும். நாயோ என்னையும் கிட்ட விடவில்லை, அக்காவையும் விடவில்லை.

நானாவுக்கு என்ன பதில் கிடைத்தது, அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்று சொல்வதற்கு முன்னால், நாய்க்குப் பட்டி கட்டும் வழக்கமே இல்லாத ஊரில் நான் ஏன் பட்டி விற்கப் புறப்பட்டேன் என்பதைச் சொல்லவேண்டும்.

என் கடை கற்பிட்டிக் கடைத்தெருவில் இருக்கிறது. கடை என்று பெயர். உண்மையில் அது நானாவின் கடையில் பலகை அடித்துப் பிரித்த ஒரு துண்டு. பலகைக்கு அந்தப் பக்கம் அவர் நைலோன் கயிறு, மிதப்பு, தூண்டில், எஞ்சின் எண்ணெய் விற்றார். இந்தப் பக்கம் நான் தொட்டி மீன், லவ்பேர்ட்ஸ், கோழிக்குஞ்சுத் தீன், பூனைச் சாப்பாடு விற்றேன். “ஒரே கூரைக்குக் கீழ ஒருத்தர் மீனைக் கொல்லச் சாமான் குடுக்கிறார், ஒருத்தி மீனை வளக்கச் சாமான் குடுக்கிறா” என்று சந்தியில் பகிடி விடுவார்கள். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பது எங்கள் வழக்கு. நான் வாடகைக்கு வந்த அன்றே நானா சொன்னார்: “நடுவில பலகைதான் தங்கச்சி, சுவர் இல்லை. கூப்பிட்டாக் கேக்கும்.” கூப்பிடாமலே கேட்டது. அவர் தஸ்பீஹ் மணியை உருட்டும் சத்தம் எனக்குக் கேட்கும். என் மீன்தொட்டியில் காற்றுக்குழாய் விடும் குமிழிச் சத்தம் அவருக்குக் கேட்கும். மத்தியானத்தில், வெயில் தெருவை வெள்ளையாக்கி எல்லாரையும் உள்ளே துரத்திவிட்ட பிறகு, அந்த இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று கலந்து கடையை ஒரு படகாக்கிவிடும். நான் கண்ணை மூடினால் அது மெல்ல மிதக்கும்.

எங்கள் கரையில் நாயை யாரும் கட்டுவதில்லை. நாய் கரைக்குச் சொந்தம். “இது ஆற்ற நாய்?” என்று கேட்டால் ஆளைக் காட்டமாட்டார்கள், படகைக் காட்டுவார்கள். அந்தப் படகு கரை தட்டும்போது அந்த நாய் அங்கே நிற்கும். கழித்த மீன் அதற்கு, வாடி என்கிற மீனவர் கொட்டிலின் நிழல் அதற்கு. கழுதைகளும் அப்படித்தான். கடைத்தெரு நடுவில் நின்றபடி கனவு காணும்; பஸ் சாரதி ஹோர்ன் அடித்து அலுத்து, இறங்கி வந்து தோளில் கைபோட்டுத் தள்ளுவார். பிராணிகளின் கழுத்தில் ஒன்றும் தொங்காத ஊர் எங்களுடையது.

சண்டை ஓய்ந்து றோட்டுகள் திறந்த பிறகுதான் நாங்கள் கட்டிய நாயைக் கண்டோம். ஆலங்குடாப் பக்கம் விடுதிகள் வந்தன. கொழும்பிலிருந்து வந்தவர்கள் கடற்கரையில் நாயோடு நடந்தார்கள். நாய் முன்னே, ஆள் பின்னே, நடுவில் ஒரு கயிறு. “ஆர் ஆரைக் கூட்டிக்கொண்டு போறாங்க எண்டு விளங்கேல்லையே” என்று வலை இழுத்தவர்கள் கேட்டார்கள். அப்படி வந்தவர்களில் சிலர் என் கடையிலும் எட்டிப் பார்த்துக் கழுத்துப்பட்டி இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். இல்லை என்று சொல்லுகிற கடைக்கு ஈயும் இரண்டாந்தரம் வராது என்று என் மாமியார் சொல்லுவார். ஆனாலும் எனக்கு மனம் போகவில்லை.

கண்டக்குழி அக்கா கேட்ட பிறகுதான் போனது.

அக்கா கண்டக்குழிக் கரையில் கருவாடு போடுகிறவர். சந்தைக்கு வந்தால் கூடையை என் கடை வாசலில் இறக்கி வைத்து, என் ஒற்றைக் கதிரையில் உட்கார்ந்து, கண்ணாடித் தொட்டியைப் பார்த்தபடி வெற்றிலை போடுவார். “பிள்ளை, இதுகளைப் பாத்தா எனக்குக் கை துருதுருக்குது. உப்பு வைக்க இடமில்லாம இத்தினியூண்டாப் படைச்சு விட்டானே கடவுள்” என்பார். அன்று உட்கார்ந்ததும் கேட்டார்:

“நாய் கட்டுற பெல்ட் இருக்கா பிள்ளை?”

“ஆருக்கு அக்கா?”

“என்ட மனுசனுக்கில்லை. அவருக்கு வேற கயிறு போட்டிருக்கிறன். செவலைக்கு.”

சிரித்துவிட்டுத்தான் கதையைச் சொன்னார். பாஸ்குத் திருநாள், அதுதான் ஈஸ்டர், முடிந்து தென்மேற்குக் கச்சான் காற்று எழும்பினால் எங்கள் பக்கத்துக் கடல் முரடாகிவிடும். அப்போது வாடியைப் பிரித்து, வலையைச் சுற்றி, குடும்பத்தோடு லொறியில் ஏறிக் கிழக்குக் கரைக்குப் போவார்கள். காற்று மாறியதும் திரும்பி வருவார்கள். சண்டைக் காலத்தில் அந்தப் பாதை மூடியிருந்தது. இப்போது திறந்தாயிற்று. கடல் மாறினால் கரை மாறு என்பது அவர்கள் வழக்கு. நாயைக் கொண்டுபோவது வழக்கமில்லை. கரை மாறாத ஒன்று நாய்தான் என்று எல்லாரையும்போல அவரும் போன வருடம் செவலையை விட்டுவிட்டுப் போனார்.

“திரும்பி வந்து பாக்கிறன் பிள்ளை, வாடி இல்லை, நாங்கதானே பிரிச்சம். ஆனா வாசல் இருந்த இடம் அதுக்குத் தெரியுது. சரியா அந்த வாசல்லதான் படுத்திருக்குது. விலா எலும்பைத் தடவி எண்ணலாம். சோறு வச்சன். திண்டுது. ஆனா கிட்ட வரேல்லை. மனுசன் கோவிச்சாச் சோறு போட்டாச் சரி. நாய் கோவிச்சாச் சோறும் எடுபடாது.”

இந்த முறை செவலை இல்லாமல் லொறியில் ஏறுவதில்லை என்று புருசனிடம் சொல்லிவிட்டாராம். புருசன் சரி என்றுவிட்டார். லொறிச் சாரதிதான் ஒரு நிபந்தனை போட்டார்: சும்மா வந்தால் கோழியைத் தின்னும், நிறுத்துகிற இடமெல்லாம் பாயும், கழுத்தில் பட்டியும் ஆளின் கையில் பிடியும் இருந்தால் ஏற்றுவேன், இல்லாவிட்டால் மாட்டேன். அக்கா வலைக்கயிற்றால் கட்டிப் பார்த்தார். செவலை ஒரு மூச்சில் கடித்து அறுத்தது. தூண்டில் நரம்புக் கயிற்றால் கட்டினார். அது கழுத்தைக் கீறியது.

“வலைக்கயிறு மீனுக்குத்தான் பிள்ளை. நாய்க்கு வேற ஏதோ இருக்கு. அதைப் பாத்து எடு” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

சாமான் கொண்டுவரும் வியாபாரி சிலாபப் பக்கத்து ஆள். சிங்களமும் தமிழும் கலந்து பாட்டுப்போலப் பேசுவார். அடுத்த நடையில் தன் வானிலிருந்து ஒரு பெரிய பையை இறக்கி, என் மேசைமேல் கவிழ்த்தார். எனக்கு வளையல் கடைக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது. பித்தளைக் குமிழ் பதித்த தோல் பட்டி, சுட்ட பாண் நிறத்தில். வெள்ளிபோல மின்னும் சங்கிலி. குட்டிகளுக்கென்று விரலகலச் சிவப்புப் பட்டி, அதில் ஒரு சலங்கை. அழுத்தினால் டக்கென்று பூட்டும் பிளாஸ்டிக். நீலமும் பச்சையும் மஞ்சளுமாக நைலோன் பட்டிகள், அதே நிறத்தில் பிடிகயிறு, நுனியில் இரும்புக் கொளுக்கி.

“நோனா, இதைப் போட்டா றோட்டு நாயும் பங்களா நாய்” என்றார்.

நான் ஒவ்வொன்றையும் என் மணிக்கட்டில் சுற்றிப் பார்த்தேன். எல்லாமே அழகாக இருந்தன. எதை எடுப்பதென்று தெரியவில்லை. வகைக்கு ஒன்றாக மாதிரி வைத்துவிட்டுப் போங்கள், அடுத்த நடையில் சொல்கிறேன் என்றேன். அவற்றை வாசல் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டேன். மின்விசிறிக் காற்றில் சலங்கை மட்டும் எப்போதாவது ஒரு தரம் கிணுங்கியது.

அந்தச் சத்தத்துக்குத்தான் நானா எட்டிப் பார்த்தார். கையில் பிளேன்டீக் கோப்பை. பட்டிகளைப் பார்த்தார். கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனவர் குடிக்காமல் இறக்கினார். “வடிவாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அன்று பின்னேரம் வரைக்கும் பலகைக்கு அந்தப் பக்கம் தஸ்பீஹ் சத்தம் மட்டும்தான்.

நானா மன்னார்ப் பக்கத்தவர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது குடும்பத்தோடு கடலால் வந்து, கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் தொடங்கி, கயிறு விற்றுக் கல்வீடு கட்டியவர். ஐந்து நேரத் தொழுகை தவறாதவர். நாய் ஈரத்தோடு உரசினால் மண் தேய்த்துக் கழுவவேண்டும் என்பதால் நாய் வரும் பாதையில் இரண்டடி தள்ளி நடப்பவர். அவருடைய கூரைக்குக் கீழே நாய்ச் சாமான் தொங்கவிட்டுவிட்டேனே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. மறுநாள் காலையில் பலகையைத் தட்டினேன்.

“நானா, உங்களுக்குப் பிடிக்காட்டி நான் இதை வைக்கேல்லை.”

தஸ்பீஹ் நின்றது. “நாய் வேற, நாய்ச் சாமான் வேற தங்கச்சி. காய்ஞ்ச தோலுக்கு என்ன? வைங்க.” கொஞ்சம் பொறுத்து, “ஆனா ஒண்டு. கட்டிப் பாத்து வாங்காதீங்க. அவுத்துப் பாத்து வாங்குங்க.”

எனக்கு ஒரு பலவீனம் உண்டு. நல்ல வார்த்தை ஒன்று காதில் விழுந்தால் அதை நாக்கில் போட்டுச் சப்பிக்கொண்டே இருப்பேன். ஏன் சொன்னீர்கள் என்று கேட்கமாட்டேன். அன்றும் கேட்கவில்லை. பழுத்த யாவாரி என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கரையில் புதுக் கயிற்றை யாரும் அப்படியே நம்புவதில்லை. வாங்கியதும் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, மறுபடி ஊறப்போட்டு, அதன்பிறகு இழுத்துப் பார்ப்பார்கள். கடல் குடித்துப் பார்த்த கயிறுதான் கயிறு. நாய்ப்பட்டிக்கும் அதே பரீட்சைதான் என்று முடிவு செய்தேன். கடைக்குப் பின்னால் களப்பில், கடல் உள்ளே புகுந்து தேங்கிய நீரில், ஒரு பழைய ஜெட்டி. அதன் இரண்டு தூண்களுக்கு நடுவே கயிறு கட்டி, எல்லாப் பட்டிகளையும் பிடிகயிறுகளையும் அதில் கோத்துத் தண்ணீருக்குள் இறக்கினேன்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதுபோல ஒரு சுகம் வரும். பின்னேரம் கடையில் ஆளில்லாத நேரத்தில் ஜெட்டியில் போய்க் குந்துவேன். களப்புத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். தூரத்தில் வெள்ளைக்காரர் பறக்கவிட்ட பெரிய பட்டங்கள் சத்தமில்லாமல் சரியும். அதற்கும் அப்பால் காற்றாலைகள், யாரோ வாயில் எண்ணிக்கொண்டே சுற்றுவதுபோல மெதுவாகச் சுற்றும். கீழே என் பட்டிகள். கையில் தட்டையாகக் கிடந்தவை தண்ணீருக்குள் வட்டமாக விரிந்து நின்றன, ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கழுத்து இருப்பதுபோல. நீர் ஏறும்போது எல்லாம் ஒரு பக்கம் முகம் திருப்பின. நீர் வற்றும்போது மறுபக்கம் திருப்பின. பொடி மீன்கள் சிவப்புப் பட்டிக்குள்ளால் நுழைந்து பச்சைப் பட்டியால் வெளியே வந்தன. சலங்கை சேறு குடித்து ஊமையாகிவிட்டது.

ஒரு மத்தியானம் மேசையில் தலை வைத்துக் கண்ணயர்ந்தபோது கனவு கண்டேன். களப்பின் அடியில் நாய்கள் வரிசையாக நடந்து போகின்றன. தண்ணீர் நிறத்து நாய்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் பட்டி. பிடிகயிறுகள் மேலே எழும்பி, பாசிபோல அலைகின்றன. நுனியைப் பிடிக்க ஆள் இல்லை. வடக்கே, மன்னார்ப் பக்கமாக அவை போய்க்கொண்டே இருக்கின்றன. விழித்ததும் வாய் சும்மா இருக்குமா? பலகைக்கு மேலால் நானாவுக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு கயிற்றுச் சுருளை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “மன்னாருக்கா போச்சுது?” என்று மட்டும் கேட்டார்.

பட்டிகளை ஏற்றிப் பார்த்தபோது தோல் ஊதி, செத்த திருக்கைபோல நாறியது. அதன் மடிப்பில் ஒரு நண்டு குடியிருந்தது. வெள்ளிச் சங்கிலி செங்கல் நிறமாகக் கறள் பிடித்துக் கையில் உதிர்ந்தது. டக்கென்று பூட்டிய பிளாஸ்டிக்கில் ஒரு மணல் ஏறி, அது டக்கென்பதை மறந்துவிட்டது. நைலோன் பட்டிகள் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தன, வேறொன்றும் இல்லை. அவற்றின் பிடிகயிறுகளில் இருந்த இரும்புக் கொளுக்கிகள் இறுகியிருந்தன. ஆனாலும் அழுத்தினால் பூட்டின. எனக்கு அது போதுமாக இருந்தது.

அளவு பார்ப்பதற்கு அக்கா செவலையைத் திறீவீலரில் கொண்டுவந்தார். நாய் தலையை வெளியே நீட்டிக் கண்ணை மூடிக் காற்று வாங்கிக்கொண்டு வந்தது. “அடுத்த முறை முன் சீட்டுக் கேக்கும் அக்கா, பாத்துக்கொள்ளுங்க” என்றார் திறீவீலர்காரர். அகலமான நீலப் பட்டியை ஜெட்டியில் வைத்து நாங்கள் இருவருமாக அதன் கழுத்தில் போட்டோம். இடுப்புப் பட்டிபோலத் துளையும் ஊசியும் உள்ள பூட்டு. பிடிகயிற்றின் கொளுக்கியை மாட்டினோம். அக்கா முழுப்பலத்தையும் போட்டு இழுத்தார். தாங்கியது. “இது பட்டி” என்றார். கயிற்றின் மறுநுனியை ஜெட்டித் தூணில் முடிந்தார். பிளேன்டீ குடிக்க உள்ளே வந்தோம்.

கொளுக்கி திறக்கிறதா என்று நாங்கள் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் எதையும் பிடிக்குமா, தாங்குமா என்றுதான் பார்ப்பார்கள்; பிடித்ததை விடுமா என்று பார்க்கும் பழக்கம் இந்தக் கரையில் இல்லை. அக்கா போட்ட முடிச்சும் படகுக்குப் போடும் முடிச்சு. நனைய நனைய இறுகும்.

தேத்தண்ணீர் பாதியில் இருக்கும்போது தீவுக்குப் போகும் படகு எஞ்சினைக் கிளப்பியது. எஞ்சின் சத்தம் கேட்டால் தண்ணீரில் பாய்வது செவலையின் வழக்கம். விடியலில் அக்காவின் புருசன் போகும்போது கொஞ்சத் தூரம் நீந்திப் போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பும். நாங்கள் ஓடிப் போனபோது அது நெஞ்சளவு தண்ணீரில், கயிறு முடிந்த இடத்தில், நின்றுகொண்டிருந்தது. முன்கால் இரண்டும் நிலத்தில் இல்லை. கயிறு கம்பிபோல விறைத்திருந்தது. அது குரைத்திருந்தால் பரவாயில்லை. குரைக்காமல், போகிற படகைப் பார்த்தபடி, மூச்சை இழுத்து இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

அக்கா தூணில் முடிச்சோடு மல்லுக்கட்டினார். முடிச்சு கல்லாகியிருந்தது. நான் இறங்கிக் கொளுக்கியை அழுத்தினேன். அசையவில்லை. நாங்கள் இழுக்க நாய் இழுத்தது; நாய் இழுக்க எல்லாம் இன்னும் இறுகியது. “மாதாவே, மாதாவே” என்று அக்கா கத்தியது பலகையைத் தாண்டிக் கேட்டிருக்கவேண்டும்.

நானா சாரத்தைக்கூட மடித்துக் கட்டாமல் தண்ணீருக்குள் இறங்கினார். கயிற்றைத் தொடவில்லை, கொளுக்கியையும் தொடவில்லை. நேரே நாயிடம் போய், இரண்டு கையாலும் அதைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கரைப்பக்கமாக இழுத்தார். கயிறு தொய்ந்தது. நாயின் தலை அவருடைய தாடிக்குக் கீழே இருந்தது. பட்டியை ஒரு துளை இன்னும் இறுக்கினார். அப்போதுதான் ஊசி துளையை விட்டு வந்தது. பட்டி கழன்றது. செவலை கொஞ்சத் தூரம் நீந்தியது, படகு போய்விட்டதைக் கண்டது, கரையேறி உதறியது, எங்கள் யாரையும் பாராமல் கண்டக்குழிப் பக்கமாக ஓடியது.

நானா வெறும் பட்டியோடு தண்ணீரில் நின்றார். பிறகு கரைக்கு வந்து, சேற்றை அள்ளிக் கையில் தேய்த்துக் கழுவத் தொடங்கினார். கழுவிக்கொண்டே, எங்களைப் பாராமல், சொன்னார்:

“எங்கட கரையிலயும் ஒண்டு இருந்திச்சு. வாப்பாட ஆட்டுப்பட்டிக்குக் காவல். ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்ன நேரம் எல்லாரும் வள்ளத்தில ஏறினம். அது நீந்தி வரும், நடுக்கடல்ல தண்ணிக்குள்ள தாண்டுபோகும் எண்டு வாப்பா அதைக் கரையில நட்ட குத்தியில கட்டினார். இரக்கத்திலதான் கட்டினார். ரெண்டு மூண்டு நாளையில வந்திருவம் எண்டுதானே நினைச்சம்.”

மறுபடி தண்ணீரை அள்ளினார்.

“ஊர்க்கரையில ஒருத்தரும் மிச்சமில்லை. ஆரு அவுத்திருப்பாங்க? வாப்பா மவுத்தாகிற வரைக்கும் ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு ஆளைச் சொல்லுவார். ஒரு நாள் ஆமிக்காரன் அவுத்திருப்பான் எண்டுவார். ஒரு நாள் கோயில் சாமியார் வந்திருப்பார் எண்டுவார். கடைசியில, கள்ளனாவது கயித்துக்கு ஆசைப்பட்டு அவுத்திருப்பான் எண்டார். அந்தக் கள்ளனுக்காகக் கையேந்தித் துஆக் கேட்டார், தங்கச்சி.”

எதற்கும் பதில் வைத்திருக்கும் அக்கா அன்று வெற்றிலையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். “அப்ப நான் கட்டாமலே விட்டுட்டுப் போறன் நானா” என்றார் கடைசியில்.

“போன வருசம் கட்டாமத்தானே விட்டுட்டுப் போனீங்க. போச்சுதா அது எங்கயும்?”

அக்கா மடித்த வெற்றிலையைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

அன்று கடை மூடும் நேரத்தில் நானா தன் பக்கத்திலிருந்து ஒரு டின்னோடு வந்தார். உள்ளே படகுக் கயிற்றுக்குப் போடும் பித்தளைக் கொளுக்கிகள். கறள் பிடிக்காதவை, பெருவிரலால் ஒரு அழுத்து, திறந்துவிடும். நைலோன் பட்டிகளிலும் பிடிகயிறுகளிலும் இருந்த இரும்பை நான் வெட்டி எறிந்தேன். பித்தளையை வைத்து வலை நூலால் தைத்தேன். நானா ஒவ்வொன்றையும் தண்ணீர் வாளியில் தோய்த்து, கண்ணை மூடி, இடக்கையால் திறந்து பார்த்தார். “கண் தெரியாதவனும் அவுக்கோணும். கை ஈரமானவனும் அவுக்கோணும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “கள்ளனும்” என்றார். பலகைக்கு இந்தப் பக்கம் அவர் கதிரை போட்டு உட்கார்ந்தது அன்றுதான் முதல் தரம். குமிழிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தோம்.

வியாபாரி மறுபடி வந்தபோது, கொளுக்கி இல்லாமல் நைலோன் பட்டியும் கயிறும் மட்டும் போதும் என்றேன். “நோனா, சட்டையில்லாம பொத்தான் வாங்குறவங்களைக் கண்டிருக்கு, பொத்தான் இல்லாம சட்டை வாங்குறது நீங்கதான்” என்று சிரித்தார். சங்கிலியும் தோலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அவை என் கடையில் இல்லை. சலங்கையை மட்டும் சேறு கழுவி லவ்பேர்ட்ஸ் கூட்டில் தொங்கவிட்டேன்.

பட்டி சரியாகிவிட்டது. ஆனால் நாய் மனம் மாறிவிட்டது. ஜெட்டியில் நடந்த பிறகு செவலை பட்டியைக் கண்டாலே விலகியது. லொறி போகிற நாளில், வழியில் நானாவின் கடையில் கயிறும் மிதப்பும் ஏற்ற வந்தார்கள். கண்டக்குழியிலிருந்து லொறிக்குப் பின்னாலேயே செவலை ஓடி வந்திருந்தது. நாக்குத் தொங்க, சக்கர நிழலில் விழுந்து கிடந்தது. அக்கா இறங்கிக் கொஞ்சினார். கருவாடு போட்டார். கருவாட்டைக் கவ்விக்கொண்டு மறுசக்கரத்துக்குப் போய்விட்டது. நான் பட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனேன். பல்லைக் காட்டியது. சாரதி ஹோர்ன் அடித்தார். “அக்கா, நாய்க்கு வர விருப்பமில்லை. விடுங்க, போவம்” என்றார். அக்கா ஏறி உட்கார்ந்தார். முகத்தை வலை மூட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் நானா வெளியே வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். கட்டுவது சுலபம், அவிழ்க்கிறது யார்?

அக்கா திரும்பினார். பகிடி ஒன்றும் வரவில்லை.

“நான்தான் நானா. கட்டுறது ஆரெண்டாலும் அவுக்கிறது நான். இறங்கின உடன. சாமான் இறக்க முந்தி, அடுப்பு மூட்ட முந்தி, அதைத்தான் முதல் அவுப்பன்.”

நானா லொறியைச் சுற்றி வந்தார். என்னிடம் கையை நீட்டிப் பட்டியை வாங்கினார். கொளுக்கியை ஒரு தரம் திறந்தார், மூடினார். பிறகு நடுத்தெருவில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மணலில் குந்தினார். கூப்பிடவில்லை. கையை நிலத்தோடு நிலமாக நீட்டிக்கொண்டு சும்மா இருந்தார். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மூக்குத் தெரிந்தது. செவலை வயிற்றால் ஊர்ந்து வந்து அவருடைய மணிக்கட்டை நக்கியது. கையை இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. பட்டியைக் கழுத்தில் வைத்து, இரண்டு விரல் உள்ளே போகிறதா என்று பார்த்துப் பூட்டினார். அது அசையாமல் நின்றது.

நாயைத் தூக்கிப் பின்பலகையில் வைத்தார். “அந்தக் கம்பியில கட்டுங்க நானா” என்றார் சாரதி. நானா கம்பியில் கட்டவில்லை. பிடிகயிற்றின் நுனியை, அக்காவின் கை எட்டும்வரைக்கும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அதை வாங்கி விரல்களில் சுற்றிக்கொண்ட பிறகுதான் விட்டார்.

லொறி பாலாவிப் பக்கம் திரும்பி மறைந்தது. நானா கடைக்குள் போகவில்லை. பின்பக்கமாகச் சுற்றிக் களப்புக்கு இறங்கி, ஒரு பிடி சேற்றை அள்ளி, தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து, அவசரமில்லாமல், விரல் விரலாகத் தேய்க்கத் தொடங்கினார்.